ஆதாரம் கிடைக்கவில்லை என்று நான் சொன்னது

எனக்குக் கணக்குதான் சோறு போடுகிறது. அதிலும் இரட்டையர் கணக்கு. தாம்பரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்குழுவில் புள்ளியியல் பார்க்கிறேன். இரட்டையர்களிடமும் அவர்களுடைய உடன்பிறந்தவர்களிடமும் தூக்கம், பதற்றம், எரிச்சல் பற்றி நீளமாகக் கேள்வி கேட்போம். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் மரபணுவில் அச்சு அசல் ஒன்று. இரண்டு கருவாகவே உருவானவர்கள் சாதாரண அக்கா தங்கையைப் போலப் பாதிதான். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு அதிகம் ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்து, ரத்தத்தின் பங்கு இவ்வளவு, ஒன்றாக வளர்ந்த வீட்டின் பங்கு இவ்வளவு, மீதி அவரவர் தனிப்பட்ட அனுபவம் என்று மூன்றாகப் பிரிப்போம். கேட்பதற்கு எளிதாக இருக்கும். நானும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அப்படி எளிதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

இந்த வேலையில் பெரிய கஷ்டம் கணக்கு இல்லை, ஆள் பிடிப்பது. இரட்டைப் பிள்ளை இருக்கும் வீட்டில் படிவத்தை நீட்டினால் அம்மாவின் முகம் மாறிவிடும். "ரெண்டையும் உக்கார வச்சு எண்ணி எழுதாதீங்க மேடம், கண்ணு பட்டுடும்" என்பார்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அமாவாசை வேண்டாம். கல்யாண வயதில் பெண் இருந்தால் எந்த நாளும் வேண்டாம். பல்லாவரத்தில் ஒரு வீட்டில் நான் படியிறங்கும்போதே உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள், என் காதில் விழும்படியாகவே. திட்டம் தொடங்கும்போது எத்தனை ஜோடி வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதிக்கொடுத்தவள் நான். கடைசியில் கிடைத்தது அதில் கால்வாசிகூட இல்லை.

கீழ்க்கட்டளையில் நான் குடியிருக்கும் கட்டிடத்தின் தரைத்தளத்திலேயே ஒரு ஜோடி கிடைத்தபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இருபத்தாறு வயதுப் பெண்கள். ஒரே முகம், ஒரே குரல், ஒரே மாதிரி முன்பல் லேசாக ஏறியிருக்கும். அப்பா திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர், அதிகம் பேசமாட்டார். அம்மா வீட்டோடு தையல். மூத்தவள் கல்லூரி இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டவள். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்று தொடங்கியதாம். எட்டு வருடமாக வைத்தியம். இளையவள் பல்லாவரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தாள்.

அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. மூத்தவள் மாத்திரையைத் தங்கை கையிலிருந்துதான் வாங்கிப் போடுவாள். அம்மா கொடுத்தால் தட்டிவிடுவாள், அப்பா கொடுத்தால் கதவை அடைத்துக்கொண்டு அழுவாள். தங்கை வேலைக்குக் கிளம்பும் முன் உள்ளங்கையில் வைத்து நீட்டினால் ஒரு வார்த்தை பேசாமல் போட்டுக்கொள்வாள். ஏன் என்று கேட்டதற்கு மூத்தவள் என்னிடம் ஒரு தடவை சொன்னாள்: "அது என் கைதானே அக்கா."

மாத்திரை உள்ளே போனவரைக்கும் அவள் நல்லபடியாக இருந்தாள். கீரை ஆய்வாள், மாடியில் துணி காயப்போடுவாள், என் மகளோடு கேரம் ஆடி அலட்டலாக ஜெயிப்பாள். ஆட்டத்தில் ஏமாற்றவும் செய்வாள். இரண்டு நாள் மாத்திரை தவறினால் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

போன மாசியில் இளையவளுக்கு ஒரு வரன் வந்தது. அப்பா வேலை பார்க்கும் பட்டறைக்கு அடுத்த பட்டறையின் சொந்தக்காரர், பையனுக்குப் பெண் கேட்டார். அந்த ஊர்க்காரர்தான். நிலம் இருந்த குடும்பம், இப்போது நான்கு லேத் ஓடுகிறது. பையனுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. இவர்களும் மூத்தவளைப் பற்றி எதையும் மறைக்கவில்லை. அதற்காகவே இவர்கள் மேல் எனக்கு மரியாதை. பெண் பார்க்க வந்த அன்று மூத்தவளும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து பெண்களின் அம்மா மேலே என் வீட்டுக்கு வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே பேசினார்.

"அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க மேடம். இது பரம்பரையா வருமான்னு. நீங்க சொன்னா நம்புவாங்க. அக்கம்பக்கம் விசாரிக்க வர்றப்போ உங்க வீட்டுக்கும் வருவாங்க. என் பொண்ணு வாழ்க்கை உங்க வாயிலதான் இருக்கு."

பரம்பரை என்றால் கல்யாணம் நிற்கும், இல்லை என்றால் நடக்கும். அவ்வளவு வெளிப்படையாக அது என் முன்னால் கிடந்தது.

தற்செயலாக அந்த வாரம்தான் நான் கணக்கை ஓட்டியிருந்தேன். மரபணுவின் பங்கு ஏறக்குறைய சுழியம் என்று வந்தது. அதைத் தூக்கிவிட்டு ஓட்டினாலும் கணக்கு பொருந்துவதில் ஒரு குறையும் வரவில்லை. ஒத்துப்போனதெல்லாம் வீட்டின் பங்கில் போய் உட்கார்ந்துகொண்டது. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒன்று உண்மையிலேயே இருந்தால், அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆய்வுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை அலுவலகத்தில் பவர் என்போம். ஜோடிகள் குறைந்தால் பவர் குறையும். பவர் குறைந்த கணக்கில் ரத்தத்தின் பங்கு சுழியம் என்று வந்தால், இல்லை என்று பொருளல்ல, பார்க்க முடியவில்லை என்றுதான் பொருள். ரத்தத்தில் வந்ததைக்கூடத் தூக்கி வீட்டின் தலையில் கட்டிவிடும். இதைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நானே படம் போட்டு விளக்கியிருக்கிறேன். போதாததற்கு, எங்கள் கேள்விகள் தூக்கத்தையும் பதற்றத்தையும் பற்றியவை. மூத்தவளுக்கு இருந்த நோயை நாங்கள் ஆராயவே இல்லை.

எல்லாம் தெரிந்துதான் பேசினேன்.

ஒரு ஞாயிறு காலை பட்டறைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். காபி வேண்டாம் என்றுவிட்டார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், நீங்க ரெட்டப் புள்ளைங்கள வச்சி ஆராய்ச்சி பண்றீங்களாமே. பொண்ணு தங்கம், அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அந்தப் பெரிய பொண்ணுக்கு கீற சமாச்சாரம் ரத்தத்துல வர்றதா, இன்னா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

"எங்க ஆய்வுல பரம்பரைக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கல" என்றேன்.

"அப்ப இல்லனு சொல்லுங்க."

"கிடைக்கல."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

கீழே அந்த அம்மாவின் தையல் மெஷின் ஓடாமல் நின்றிருந்தது எனக்குத் தெரிந்தது. தலையை ஆட்டினேன். ஒரு நல்ல பெண்ணுக்கு ஒரு நல்ல காரியம் நடக்கட்டுமே என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. என்னைத் தேடி வந்து, என் கணக்கைக் கேட்டு, அதன்படி நடக்கப்போகிறவர்களை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அந்தப் பெருமையும் இருந்தது.

எழுந்துகொள்ளும்போது அவர் மனைவி கேட்டார். "அப்ப வேற இன்னாத்தாலம்மா வந்துச்சு அந்தப் பொண்ணுக்கு?"

கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று எனக்கு ஒரு வியாதி. "ஒண்ணா வளர்ற வீடு, வீட்டுச் சூழ்நிலை, அதோட பங்குதான் அதிகமா தெரியுது" என்றேன்.

"வூடா?" என்றார் அந்த அம்மாள். இருவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் மூத்தவள் தங்கையின் பின்னாலேயே நின்று மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு மணப்பெண்ணைப் பார்ப்பவர்கள் ஒரு கணம் திகைத்துப் போனார்கள். நான் பந்தியில் இரண்டு தடவை பாயசம் வாங்கினேன். அவ்வளவு நிம்மதி எனக்கு.

மாத்திரைக்கும் ஒரு வழி செய்திருந்தார்கள். காலையில் தங்கை வீடியோவில் வருவாள், உள்ளங்கையை நீட்டுவாள், இங்கே அம்மா அந்த நேரத்தில் மாத்திரையை வைப்பார், மூத்தவள் போட்டுக்கொள்வாள். முதல் மாதம் ஒழுங்காக நடந்தது.

ஆடி பிறக்குமுன் பெண்ணை அழைத்துவர இவர்கள் சீரோடு போனார்கள். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவதில் யாரும் தகராறு செய்வதில்லை. அம்மா இளையவளுக்காக மெத்தை உறையெல்லாம் புதிதாகத் தைத்து வைத்திருந்தார். பட்டறைக்காரர் வீட்டில் சீரை வாங்கி வைத்துக்கொண்டார்கள், சாப்பாடு போட்டார்கள், பெண்ணை மட்டும் அனுப்பவில்லை.

அந்த அம்மா திரும்பி வந்து நேராக என் வீட்டு வாசலில் நின்றார். கையில் வெறும் தாம்பாளம்.

"வீட்டாலதான் வந்துச்சுன்னு மேடமே சொன்னாங்களே, அந்த வீட்டுக்கு எப்படி அனுப்பறதுன்னு கேக்கறாங்க. அப்படியா சொன்னீங்க? என் வீட்டாலயா?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "நான் என்ன பண்ணேன் அந்தப் பொண்ணுக்கு? அடிச்சேனா, திட்டினேனா? ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானே சோறு போட்டேன்."

நான் ஏதேதோ சொன்னேன். வீடு என்றால் அந்த வீடு இல்லை, அது ஒரு கணக்குச் சொல் என்றேன். சொல்லும்போதே என் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. பரம்பரை இல்லை என்று சொல்லச்சொல்லிக் கெஞ்சியவர் அவர். சொன்னேன். ரத்தத்திலிருந்து எடுத்த பழியை அப்படியே அவர் மடியில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன்.

ஆடி பாதியில் வீடியோவும் குறைந்தது. தினமும் என்பது வாரம் இரண்டு தடவையாகி, பிறகு மணி அடித்து அடித்து நின்றது. மாமியார் போனைப் பிடுங்கி வைத்திருப்பாள் என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். மூத்தவள் முதலில் போனையே வெறித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலை மூடினாள். ஆடி முடியும்போது அவளுடைய கத்தல் இரண்டாம் மாடிவரை கேட்டது. யாரோ தன் கையை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டதாகக் கத்துவாள். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து ஊசி போட்டு அனுப்பினார்கள். என் மகள் கேரம் போர்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

ஆவணி கடைசி வாரம் நான் பட்டறைக்காரர் வீட்டுக்குக் கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. பல்லாவரம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

அவர் நல்ல மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். மருமகள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு சார்" என்றேன். "எங்ககிட்ட இருந்த ஜோடிங்க ரொம்பக் கம்மி. பழைய பேப்பர்காரர் தராசுல மூக்குத்திய வச்சா முள்ளு அசையாது. அதுக்காக மூக்குத்திக்கு எடை இல்லன்னு சொல்ல முடியாது. நான் அப்படிச் சொல்லிட்டேன். வீட்டாலதான்னு சொன்னதும் அதே தராசு சொன்னதுதான். அந்த வீட்டு மேல ஒரு குத்தமும் இல்ல. பொண்ண அனுப்பி வைங்க."

"ஸ்கேல வச்சி மைக்ரான் பாத்திருக்கீங்க" என்றார் அவர்.

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை அடிக்கோலில் தேடியிருக்கிறேன் என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலுவலகத்தில் யாரும் இத்தனை வருடத்தில் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. "அதேதான் சார், அதேதான்" என்றேன்.

"அப்ப ரத்தமா, வூடான்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

"ரத்தமாவும் இருக்கலாம்."

நான் மோரைக் குடித்தேன். "இருக்கலாம்" என்றேன். கதவோரத்தில் அவர் மனைவி வந்து நிற்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"மேடம், எங்க பட்டறையில ஒரு சாமான் அளவு சரியா தப்பானு தெரிலனா அத அனுப்ப மாட்டோம். ஓரமா எடுத்து வச்சிருவோம்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "வூட்டாலன்னு சொன்னீங்க, பொண்ண அந்தாண்ட அனுப்பல. இப்ப தெரிலன்னு சொல்றீங்க. தெரிலன்னா இன்னும் ஜாக்கிரதையாதானே இருக்கணும்? முன்ன வூட்டுக்கு மட்டும் பயந்தோம். இப்ப பொறக்கப் போற புள்ளைக்கும் சேத்து பயப்படணும்."

அப்போதுதான் இளையவள் முகம் ஏன் பூசியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அவர் சொன்னதில் ஒரு தப்பைக் கண்டுபிடிக்க நான் எவ்வளவோ முயன்றேன். இன்றுவரை முயல்கிறேன். எழுந்து வந்துவிட்டேன்.

தெருமுனைவரை இளையவள் கூட வந்தாள். மாமனார் தடுக்கவில்லை. ஆட்டோ வரும்வரை வேலியோரம் நின்றோம்.

"போன் எடுக்க விடறதில்லையா?" என்று கேட்டேன்.

"போன் எங்கிட்டதான் இருக்குக்கா. யாரும் பிடுங்கல." தெருவைப் பார்த்தபடியே பேசினாள். "நான்தான் எடுக்கறதில்ல."

வேலியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு இலையைக் கிள்ளினாள்.

"ஆடிக்கு அனுப்ப மாட்டோம்னு மாமா சொன்னப்ப எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? எட்டு வருஷம்க்கா. தெனம் காலைல அவ மூஞ்சிய பாத்துட்டுதான் வேலைக்குப் போவேன். அது என் மூஞ்சி. அவ யாரோ பேசறாங்கன்னு சொல்லும்போதெல்லாம் நானும் காது குடுத்துக் கேப்பேன், எனக்குக் கேக்குதான்னு. பாத்ரூம்ல உக்காந்து கேப்பேன். பஸ்ல கேப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாசியில நீங்க ரத்தத்துல இல்லன்னு சொன்னீங்கன்னு அம்மா வந்து சொன்னாங்க. அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கினேன். அது எனக்கு வராது, நான் வேற அவ வேறன்னு. அத நம்பித்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அத நம்பித்தான் இது வேணும்னு நெனச்சேன்." வயிற்றில் கை வைத்திருந்தாள். "உள்ள நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன். இப்ப தெரியாதுங்கறீங்க."

"தப்பு என்னுதுதான்" என்றேன்.

"இத நீங்க வந்து சொல்லாமலே இருந்திருக்கலாம்க்கா."

ஆட்டோ வந்தது. ஏறும்போது, "அம்மாகிட்ட சொல்லாதீங்க. இவங்கதான் விடலன்னே நெனச்சுக்கட்டும்" என்றாள்.

வழி நெடுக எனக்கு அழுகையாக வந்தது, ஆட்டோவில் ஆள் நெருக்கமாக இருந்ததால் அடக்கிக்கொண்டேன். பொய் சொன்னபோது ஒரு கல்யாணம் நடந்தது. உண்மையைச் சொன்னபோது ஒரு பெண்ணின் தூக்கம் போய்விட்டது. இதில் எதை நான் செய்திருக்கக் கூடாது என்று கேட்டால், முதலாவதைத்தான் என்று சட்டென்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்த முதலாவது இல்லாவிட்டால் அவள் இன்னும் தினம் காலையில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு பயந்துகொண்டிருப்பாள். மூத்தவள் நன்றாக இருந்திருப்பாள்.

கட்டிடத்துக்குள் நுழைந்தபோது மூத்தவள் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஊசிக்குப் பிறகு உடம்பு ஊதியிருந்தது, பேச்சு இழுத்தது. நான் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று அவளிடம் யார் சொன்னார்கள் என்று தெரியாது. யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.

"அவள பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேன்மா."

"எப்ப வருவா?"

தெரியாது என்பதைச் சரியாகச் சொல்ல வாழ்நாளெல்லாம் படித்தவள் நான். இவ்வளவு வாய்ப்பு, இவ்வளவு பிழை என்று அளந்து அளந்து எழுதியவள். அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். திருமுடிவாக்கத்தில் வேலியோரம் பார்த்துவிட்டு வந்த அதே முகம்.

"ஞாயித்துக்கிழமை" என்றேன்.

ஞாயிறன்று விடியும்போதே அவள் குளித்திருந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்பாவாடை தாவணி, உடம்பு ஊதியதில் ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டுத் தைத்திருந்தார்கள். அம்மா தலைவாரிப் பூ வைத்துவிட்டார். அந்த அம்மா என்னை நம்பித்தான் வைத்துவிட்டார். அவள் கேட்டருகே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஆட்டோ திரும்பும்போதும் எழுந்து நின்றாள். பத்து மணிக்கு நான் பால்கனிக்கு வந்தேன், பதினொன்றுக்கு வந்தேன், சாப்பாட்டு நேரத்தில் மகளை விட்டுப் பார்க்கச் சொன்னேன். மாலையில் வெயில் சாய்ந்தபிறகு அவளே நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதுவரை நான் ஒரு தடவைகூடக் கீழே இறங்கவில்லை.